வற்றிப்போன சீசா

மக்களே,

வீடு மாறிய விவரத்தை அம்மா சொன்னாள். ஹாம்பர்க் என்றதும் எனக்கு ஆய்வுக்கூட அலமாரியின் கடைசித் தட்டுதான் நினைவுக்கு வந்தது. 1669-இல் உங்கள் ஊரில்தான் ஹென்னிங் பிராண்ட் என்பவர் தங்கம் எடுக்கப்போவதாகச் சிறுநீரைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். கிடைத்தது இருட்டில் ஒளிரும் பாஸ்பரஸ். அவர் மனைவி அந்த நாற்றத்தை எப்படிச் சகித்தாளோ என்று அம்மா கேட்கிறாள்.

சிறுவயதில் ஒரு ஜூன் மாதம், பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் என்னோடு வந்தாயே, நினைவிருக்கிறதா? இரண்டு மாதம் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்ததும் வெள்ளைப் புகை, பூண்டு வாடை. மூடி இறுகாத சீசாவில் தண்ணீர் வற்றி, மெழுகுத் துண்டு போன்ற வெள்ளைப் பாஸ்பரஸ் தலைகாட்டிப் புகைந்துகொண்டிருந்தது. ஈர மணலை அள்ளிக் கொட்டினேன். “தீக்குச்சி இல்லாமல் எப்படிப்பா பற்றியது?” என்றாய். “அதன் குணம் அப்படி” என்று உன் வாயை அடைத்தேன். உண்மையில் எனக்கும் தெரியாது. தண்ணீருக்குள் வை, இடுக்கியால் எடு என்று பழக்கியிருந்தார்கள். ஏன் என்று நான் கேட்டதில்லை. ஓய்வுபெற்ற பிறகுதான் புத்தகங்களைப் புரட்டினேன்.

எது எரியத் தொடங்கவும் ஓரளவு சூடு வேண்டும். வெள்ளைப் பாஸ்பரஸுக்கு ஏறத்தாழ 30 டிகிரி போதும். நாகர்கோவில் உச்சிவெயிலே அதற்குத் தீக்குச்சி. அதன் மூலக்கூறில் நான்கு அணுக்கள் ஒன்றையொன்று பிடித்து நிற்கின்றன. பிணைப்புகளுக்கு இடையே 60 டிகிரி கோணம்தான். வளைத்துக் கட்டிய மூங்கில் போல விறைத்திருக்கும் அது, ஆக்சிஜன் பட்டதும் தெறித்துச் சூட்டைக் கக்குகிறது. அந்தச் சூடு அடுத்ததைப் பற்றவைக்கிறது. தீப்பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் சிவப்புப் பாஸ்பரஸில் இந்த விறைப்பு தளர்ந்துவிடுவதால் அதற்கு ஏறத்தாழ 260 டிகிரி வேண்டும்.

சீசியம் என்ற உலோகமும் காற்றுப் பட்டால் தானாகவே பற்றும். அதன் கதை வேறு. வெளிச்சுற்றில் இருக்கும் ஒற்றை எலக்ட்ரானை அது பேருக்குத்தான் பிடித்திருக்கிறது. ஆக்சிஜன் கேட்குமுன்பே கொடுத்துவிடும். நான் கண்ணால் கண்டதில்லை.

இரும்புதான் எனக்கு வியப்பு. அம்மாவின் அரிவாள்மணை துருப்பிடிக்குமே தவிரப் பற்றாது. அதே இரும்பை மிக மிக நுண்ணிய பொடியாக்கினால் காற்றில் கொட்டும்போதே பொறி பறக்கும். ஒவ்வொரு துகளும் முழுவதுமாகக் காற்றைத் தொடுவதால், எழும் சூடு ஆறுவதற்குள் தீயாகிவிடுகிறது.

தாத்தாவின் லைட்டரிலும் இதுதான் நடக்கிறது. அதன் கல், சீரியம் என்ற உலோகமும் இரும்பும் கலந்தது. ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் என்ற ஆஸ்திரியர் 1903-இல் கண்டுபிடித்தார். சக்கரம் சுரண்டும் துகள்கள் காற்றிலேயே எரிகின்றன. அந்தச் சீரியம் நம் மணவாளக்குறிச்சி மணலில் இருக்கிறது. 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில்தான் மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டார். மோனசைட் ஒரு பாஸ்பேட், அதாவது பாஸ்பரஸும் ஆக்சிஜனும் சேர்ந்த உப்பு. சீரியம், பாஸ்பரஸ் இரண்டும் ஒரே மணல்மணியில்! ஆனாலும் உச்சிவெயிலில் அந்த மணலில் வெறுங்காலோடு ஓடினாய், சுட்டது கால்தான். அவை எப்போதோ ஆக்சிஜனோடு சேர்ந்துவிட்டன; சாம்பல் மறுபடி எரியுமா?

லைட்டரைப் பேரனுக்கு அனுப்பப் பார்த்தேன். கூரியர்காரர் பெட்டியைப் பிரித்து எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். ஏத்தங்காய் சிப்ஸ் மட்டும் வருகிறது.

அப்பா