செயலாளர் ஆண்டறிக்கை: டெரிவேயில் இடிந்த வீடுகளைத் தேடி

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு நம் வரலாற்றுச் சங்கம் செய்த பெரிய வேலை, அயர்லாந்தின் டொனிகால் பகுதியிலுள்ள டெரிவேயில் குத்தகைக் குடிகளை வீட்டைவிட்டு விரட்டிய குடிவெளியேற்றம் பற்றி ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுப் பதிவு செய்ததுதான், அதனால் அறிக்கையில் பெரும்பகுதி அதற்கே போகிறது.

புது உறுப்பினர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஜான் ஜார்ஜ் அடேர் டொனிகாலில் நிலம் வாங்கி மலையில் செம்மறி ஆடுகளை விட்டார், அதிலிருந்தே குத்தகைக் குடிகளோடு ஓயாத தகராறு. 1860 நவம்பரில் அவருடைய மேலாள் ஜேம்ஸ் மர்ரி மலையில் பிணமாகக் கிடந்தார். கொலைக்கு யாருமே தண்டிக்கப்படவில்லை, ஆனால் ஊரே உடந்தை என்று முடிவுகட்டிய அடேர், 1861 ஏப்ரலில் மூன்றே நாளில் 47 குடும்பங்களை, 244 பேரை, போலீஸ் காவலோடு தெருவில் நிறுத்தினார். 28 வீடுகளை இடித்தோ கூரையைப் பிரித்தோ போட்டார்கள். குத்தகைப் பாக்கி காரணமே இல்லை. நோட்டீஸ் கொடுத்தால் போதும் என்று அன்றைய சட்டம் இருந்தது. பலர் லெட்டர்கென்னி ஏழையர் விடுதிக்குப் போனார்கள், இளையவர்கள் நிறையப் பேர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார்கள். க்ளென்வே கோட்டையை அடேர் கட்டியது அதற்கு அப்புறம்தான்.

வெளியேற்றிய அன்று பனி கொட்டியது என்று ஒரு பாட்டி சொன்னார். ஆவணத்தில் ஏப்ரல் என்று இருக்கிறதே, திருத்திவிடலாமா என்று செயற்குழுவில் வாக்குவாதம். தொடக்கூடாது என்பது என் கருத்து. அவருடைய பாட்டி அந்த ராத்திரிகளின் குளிரைப் பனியாகத்தான் பேத்தியிடம் சொல்லியிருக்கிறார், அதையும் அப்படியே எழுதி, பக்கத்தில் தேதியைப் போடுவோம்.

இன்னொரு வீட்டில், தங்கள் முன்னோர் ஒருவர் அடேரிடம் கூலிக்குக் கடப்பாரை பிடித்தார் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்கள். பெயர் வேண்டாம் என்றார்கள், பதிவுக் கருவியை நிறுத்திவிட்டோம். இந்த வாக்கை யாரும் மீறக்கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன், மீறினால் அடுத்த வீட்டுக் கதவு நமக்குத் திறக்காது.

கணக்கு வழக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

வரும் ஆண்டில், கிரிஃபித் மதிப்பீட்டுப் பட்டியலில், அதாவது வரி போடுவதற்காக அந்தக் காலத்தில் எடுத்த நிலம், வீடு கணக்கில், இருக்கும் குடிகளின் பெயர்களை, புல்லுக்குள் மிச்சமிருக்கும் சுவர்களோடு ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்க வேண்டும். வசந்தத்தில் புதர் மண்டுவதற்கு முன்னால் போனால்தான் அடித்தளக் கற்கள் கண்ணுக்குத் தெரியும், நடக்க முடிந்தவர்கள் இன்றே பெயர் கொடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்