தறியை நிறுத்திய பெரியப்பாவுக்கும் மற்ற எல்லோருக்கும்

எல்லோருக்கும் வணக்கமுங்க. என்ன ஆச்சு, எப்படி ஆச்சு என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. போன வாரம் எடுத்த ஸ்கேனில் புதிதாக எதுவும் வளரவில்லை என்று டாக்டர் சொன்னார். மூளையில் வந்த இந்தக் கட்டி அடியோடு போய்விட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருதரம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஆனாலும் இந்தத் தடவை நல்ல சேதி. அந்தத் தெம்பு இருக்கும்போதே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். சில வார்த்தைகள் சட்டென்று வருவதில்லை, மகள் பக்கத்தில் இருந்து எடுத்துக் கொடுக்கிறாள்.

முதல் நன்றி பக்கத்து வீட்டுப் பெரியப்பாவுக்கு.

சோமனூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குத் தறிச் சத்தம் புதிதில்லை. பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தில்தான் தூங்குகிறோம், தறி நின்றால்தான் முழிப்பே வரும். ஆனால் ஆபரேசனுக்கு அப்புறம் எனக்கு அது மண்டைக்குள்ளேயே ஓடுவது போல ஆகிவிட்டது. ரேடியேசன் திங்கள் முதல் வெள்ளி வரை, ஆறு வாரம். முக அளவுக்கு வார்த்த பிளாஸ்டிக் வலையை மாட்டி, தலை அசையாதபடி மேசையோடு சேர்த்துப் பூட்டிவிடுவார்கள், அந்த வலைத்தடம் நெற்றியிலும் கன்னத்திலும் நீலாம்பூர் தாண்டும் வரை இருக்கும். வீடு வந்து சேர்ந்தால் அடித்துப் போட்ட மாதிரி அசதி. ராத்திரியிலோ மூளை வீக்கத்துக்குக் கொடுத்த டெக்ஸாமெத்தசோன் மாத்திரை கண்ணை மூடவிடாது. தூக்கம் கெட்டால் வலிப்பு வரலாம், எப்படியாவது தூங்கிவிடும்மா என்று டாக்டர் சொல்லியிருந்தார். எனக்கு மிச்சமிருந்தது மத்தியானம் மட்டும்தான்.

அந்த மத்தியானங்களில் தறி ஓடவில்லை. கரண்ட் இல்லையாக்கும் என்று நினைத்தால் தலைக்கு மேலே ஃபேன் சுற்றுகிறது. பெரியம்மாவைக் கேட்டதற்கு, "தறிக்குப் பாவு நூல் வரலை கண்ணு, கூலிக்கு ஓட்டறவங்க பொழப்பு அப்படித்தான், நீ படு" என்றார். நானும் படுத்துத் தூங்கினேன். ரேடியேசன் எல்லாம் முடிந்து ரொம்ப நாள் கழித்து, அங்கே தறிக்கு நூல் தார் சுற்றுகிற அக்காதான் பேச்சுவாக்கில் சொன்னார்கள். பாவு வந்துகொண்டேதான் இருந்ததாம். நான் காரை விட்டு இறங்குவதைப் பார்த்ததும் பெரியப்பா உள்ளே போய் ஒவ்வொரு தறியாக நிறுத்துவாராம், சாயங்காலம் எங்கள் ஜன்னல் திறந்த பிறகுதான் திரும்ப ஓட்டுவாராம். மீட்டர் கணக்கில் கூலி வாங்குகிற தொழிலில் பகல் பொழுது தறி சும்மா நின்றால் என்ன ஆகும் என்று இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. விட்ட மீட்டரைப் பிடிக்க அந்த வயதில் அவரே ராத்திரியெல்லாம் நின்று ஓட்டியிருக்கிறார். நான் தூக்கம் வராமல் கிடந்தபோது கேட்ட சத்தம் அதுதான். அந்த அக்காவும் அவருக்காக வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு இருட்டியபின் வீடு போயிருக்கிறார்கள்.

நேரில் போய்க் கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லை சாமி, மோட்டார்ல கொஞ்சம் வேலை இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

அப்புறம், வருமானச் சான்றுக்கு வி.ஏ.ஓ. ஆபீசும் காப்பீட்டு அட்டைக்குக் கலெக்டர் ஆபீசுமாக அலைந்த தம்பி, தினமும் காரில் கோயமுத்தூர் கூட்டிப்போன சிநேகிதி, கட்டிக்கான டெமோசோலமைடு வெறும் வயிற்றில் போடுகிற மாத்திரை என்பதால் நான் சாப்பிடும் வரை தானும் பச்சைத் தண்ணீர் குடிக்காத அத்தை, தூக்குப்போசியில் அரிசியும் பருப்பும் சாதம் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொல்லாமலே போனவர்கள், மருதமலைத் திருநீறு, சென்னிமலைத் திருநீறு என்று மடித்துக் கொடுத்தவர்கள், எல்லோருக்கும் கை கூப்புகிறேன். என் வீட்டுக்காரருக்கு இங்கே எழுதி முடியாது, அதை வீட்டிலேயே சொல்லிக்கொள்கிறேன்.

இனி எத்தனை காலம் என்று நான் கணக்குப் பார்ப்பதில்லை. இருக்கிற வரைக்கும், பக்கத்து வீட்டில் யாருக்கு என்ன என்று கேட்காமலே தெரிந்து செய்கிறவளாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பெரியப்பா, டாக்டர் மாத்திரையைக் குறைத்துவிட்டார், இப்போது ராத்திரியிலேயே தூக்கம் வருகிறது. மத்தியானமும் தறியை ஓட்டுங்க. பனியன் கம்பெனியில் கணக்கு எழுதிய கை இது, வாரக் கூலி நோட்டை இனிமேல் என்னிடம் கொடுத்துவிடுங்க, நான் எழுதித் தருகிறேன்.