மருத்துவப் பதிவேடு யாருக்காக எழுதப்படுகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவர்களின் கையெழுத்து புரிவதில்லை என்பதைப் பலரும் வேடிக்கையாகப் பேசிக் கடந்துவிடுகிறார்கள். பணிக்காலம் முழுவதும் கேஸ் ஷீட்டுகளைப் படித்து, அவற்றின்படி மருந்து கொடுத்துவந்த ஓய்வுபெற்ற செவிலியரான எனக்கு அதில் சிரிக்க எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

மருத்துவர்களுக்கு இயல்பிலேயே எழுத்து மோசம் என்று முடிவுகட்டிவிட முடியாது. அவர்களின் எழுத்து பிறருடையதைவிட மோசமில்லை என்று 1996இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வு கூறியது. மோசம்தான் என்று 1998இல் அதே இதழில் வந்த வேறோர் ஆய்வு கூறியது. நான் கண்டவரையில் கையைவிட எழுதும் சூழலே பெரிய காரணம். வார்டு ரவுண்டில் நின்றபடி, அட்டையை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு, அடுத்த நோயாளியைப் பற்றிய விவரம் காதில் விழும்போதே எழுதப்படும் குறிப்பு அது. ஒரே சொற்களை ஆயிரக்கணக்கான முறை எழுதிய கை, முதலெழுத்தை மட்டும் ஒழுங்காக இட்டுவிட்டு மீதியைக் கோடாக இழுத்துவிடுகிறது. எழுதியவருக்கு அது தெளிவாகவே தெரியும். என்ன எழுதினோம் என்பது அவருக்கு முன்பே தெரியுமல்லவா?

இதோடு சுருக்கக் குறியீடுகளும் சேர்கின்றன. ‘ஓ.டி.’ என்பது பொது மருத்துவரின் சீட்டில் நாளுக்கு ஒருமுறை என்றும், கண் மருத்துவரின் சீட்டில் வலது கண் என்றும் பொருள்படும். ‘எம்.எஸ்.’ என்பதை நரம்பியல் பிரிவினர் ஒரு நோயின் பெயராகவும், இதயப் பிரிவினர் வேறொரு நோயின் பெயராகவும் படிப்பார்கள்; மருந்துப் பட்டியலிலோ அது மார்ஃபின் சல்ஃபேட்டா, மக்னீசியம் சல்ஃபேட்டா என்ற ஐயம் எழும்.

எழுத்தைவிட எண்ணே எனக்கு அதிக அச்சம் தந்திருக்கிறது. இன்சுலின் அளவில் 4க்குப் பின்னால் யூனிட் என்பதற்காகப் போடும் ‘யு’ என்ற ஆங்கில எழுத்தின் வாய் சற்று மூடிக்கொண்டால் அது 40 ஆகிவிடும். 1.0 என்பதில் புள்ளி மங்கினால் 10; .5 என்பதில் புள்ளி மறைந்தால் 5. மைக்ரோகிராமின் குறியை மில்லிகிராமாகப் படித்துவிட்டால் அளவு ஆயிரம் மடங்காகும். இத்தகைய குறியீடுகள் சிலவற்றை எழுதவே கூடாது என்று அமெரிக்காவில் மருத்துவமனைகளின் தரத்தை மதிப்பிட்டுச் சான்றளிக்கும் ஜாயின்ட் கமிஷன் என்ற அமைப்பு 2004இல் விதித்தது காரணமில்லாமல் அன்று. அந்நாட்டின் டெக்சாஸ் மாநிலத்தில் 1995இல் இதய நோயாளி ஒருவருக்கு எழுதப்பட்ட ஐசோர்டில் என்ற மருந்தைப் பிளென்டில் என்ற வேறொரு மருந்தாகப் படித்து, அந்தப் பிளென்டிலின் உச்ச அளவைப்போல் எட்டு மடங்கு எடுக்கும்படி கொடுத்துவிட்டார்கள், அவர் இறந்துபோனார். மருந்து கொடுத்தவர்களோடு, எழுதிய மருத்துவரும் பொறுப்பு என்று 1999இல் ஜூரி தீர்ப்பளித்தது.

இரவுப் பணியில் இருக்கும் இளம் செவிலியரின் நிலையை மருத்துவர்கள் எண்ணிப்பார்க்க வேண்டுகிறேன். குறிப்பு புரியவில்லை, எழுதியவர் வீடு திரும்பிவிட்டார், தொலைபேசியில் கேட்டால் ‘இதுகூடத் தெரியாதா’ என்ற கடிந்துரை வரும். ஆகவே அவர் பக்கத்து வார்டுத் தோழியிடம் காட்டுகிறார். இருவரும் தங்களுக்குப் பழக்கமான மருந்தின் பெயரை அந்தக் கிறுக்கலில் காண்கிறார்கள். ஊகம் அந்த நொடியில் மருத்துவ ஆணையாகிவிடுகிறது. சில ஆண்டுகள் கழித்து வேறு மருத்துவமனைக்குச் செல்லும் நோயாளியின் பழைய அறுவைக் குறிப்பைப் படிக்க முடியாமல், செய்த பரிசோதனைகளையே மீண்டும் செய்ய நேர்வதும் உண்டு.

கணினிப் பதிவு எழுத்தின் வடிவச் சிக்கலைத் தீர்க்கும். ஆனால் பட்டியலில் அடுத்த வரியிலுள்ள மருந்தைத் தவறாகத் தேர்வு செய்வதையும், நேற்றைய குறிப்பை அப்படியே ஒட்டிவிடுவதையும் அது தடுப்பதில்லை.

கையால் எழுதும்வரை, மருந்தின் பெயரைப் பெரிய எழுத்துகளிலும், யூனிட், மைக்ரோகிராம் போன்ற அலகுகளைச் சுருக்காமலும் எழுதி, கையொப்பத்தின்கீழ் பெயரையும் நேரத்தையும் இடுவதை மருத்துவக் கல்லூரியிலேயே பழக்கமாக்க வேண்டும். ஒரு மருத்துவர் ஒரு வேளையில் பார்க்கும் நோயாளிகளின் எண்ணிக்கையை முடிவுசெய்யும்போது, பதிவு எழுதும் நேரத்தையும் நிர்வாகங்கள் கணக்கில் சேர்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்பாக, புரியவில்லை என்று கேட்கும் செவிலியருக்கும் மருந்தாளுநருக்கும் எந்த நேரத்திலும் கடிந்துகொள்ளாமல் விடை சொல்வதை ஒவ்வொரு மருத்துவமனையும் எழுத்துவடிவ விதியாக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்