பேறுகாலத்துக்கு வெளிநாட்டு விசா கேட்கும் வாடிக்கையாளர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "அமெரிக்காவுக்கு விசிட்டிங் விசா எடுத்துப் போய் அங்கேயே பிள்ளை பெற்றால் பிள்ளைக்கு அந்த நாட்டுப் பாஸ்போர்ட் கிடைக்குமாமே?" களியக்காவிளையில் நம் டிராவல்ஸுக்கு வருகிறவர்கள் இப்போது அடிக்கடி கேட்பது இது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே எழுதிவிடுகிறோம்.

2020 ஜனவரி 24 முதல் அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு விதி இருக்கிறது. பிள்ளைக்குக் குடியுரிமை வாங்குவதே முக்கிய நோக்கம் என்றால் பி-2 சுற்றுலா விசா கிடையாது. அங்கே தங்கும் நாட்களில் பேறுகாலம் வரும் என்று தூதரக அதிகாரி நம்பக் காரணம் இருந்தால், குடியுரிமைக்காகத்தான் போகிறீர்கள் என்றே எடுத்துக்கொள்வார். இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. மருத்துவக் காரணம் சொன்னால், சிகிச்சைக்கு ஒப்புக்கொண்ட அமெரிக்க மருத்துவர் யார், மொத்தச் செலவு எவ்வளவு, பணம் எங்கிருந்து வருகிறது என்பதற்கெல்லாம் காகிதம் வேண்டும். விசா மறுத்தால் 185 டாலர் கட்டணமும் திரும்ப வராது.

"கர்ப்பத்தைச் சொல்லாமல் போனால் என்ன?" என்று கேட்காதவர்கள் குறைவு. அது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதை. விசா கையில் இருந்தாலும் உள்ளே விடுவதா வேண்டாமா என்று முடிவு செய்வது அங்கே விமான நிலையத்தில் இருக்கும் அதிகாரி. பொய் சொல்லி விசா வாங்கியதாக எழுதிவிட்டால், ஆயுளுக்கும் அமெரிக்கா போக முடியாமல் ஆகலாம். அப்படி மறைத்து நிரப்பும் விண்ணப்பம் எங்கள் கடையிலிருந்து போகாது. வேறு ஏஜென்டு செய்து தருகிறேன் என்றால் அது உங்கள் விருப்பம், ஆனால் விண்ணப்பத்துக்குப் பொறுப்பு ஏஜென்டு அல்ல, நீங்கள்தான்.

கிடைப்பது என்ன என்பதையும் யோசியுங்கள். பிள்ளை தன் பெற்றோரை அங்கே அழைக்க மனுப் போட 21 வயது ஆக வேண்டும். இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை இல்லை. அதனால் அமெரிக்கப் பாஸ்போர்ட்டோடு இங்கே வளரும் பிள்ளைக்கு ஓசிஐ அட்டைதான் (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தருவது, குடியுரிமை அல்ல). போதாததற்கு, தற்காலிக விசாவில் இருப்பவர்களின் பிள்ளைகளுக்குப் பிறப்பால் குடியுரிமை இல்லை என்று 2025 ஜனவரி 20 அன்று அதிபர் டிரம்ப் ஆணை போட்டார். நீதிமன்றங்கள் தடுத்தன, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மருமகன் அங்கே எச்-1பி என்கிற வேலை விசாவில் இருந்து, மகள் அவர் மனைவி என்ற முறையில் எச்-4 விசாவில் போகிறாள் என்றால் 2020 விதி அவளுக்குப் பொருந்தாது. ஆனால் இந்த ஆணை அப்படிப்பட்ட குடும்பங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறது. புறப்படும் முன் அன்றைய நிலையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இங்கிலாந்தில் 1983 முதலும் ஆஸ்திரேலியாவில் 1986 முதலும் அங்கே பிறந்தது மட்டுமே குடியுரிமைக்குப் போதாது. வளைகுடாவில் அந்தப் பேச்சே இல்லை.

நம் பக்கத்தில் பெரும்பாலானவர்களுக்கு உண்மையில் தேவைப்படுவது வளைகுடாதான். கணவர் துபாயிலோ தோஹாவிலோ இருப்பார், பேறுகாலத்தில் மனைவி கூட இருக்க வேண்டும் என்பார். இது நியாயமான ஆசை, வழியும் இருக்கிறது. இழுத்தடிப்பது விசா அல்ல, கல்யாணச் சர்டிபிகேட்! சபையில் தரும் சான்று மட்டும் போதாது, அரசுப் பதிவு வேண்டும். கல்யாணம் எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலைப் பஞ்சாயத்தில் பதிவாகியிருந்தால் மாநில அட்டஸ்டேஷன் (சான்று உண்மையானது என்று அரசு போடும் முத்திரை) கேரள அரசில், நம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருந்தால் தமிழ்நாடு அரசில். பெண் அக்கரை, மாப்பிள்ளை இக்கரை என்கிற வீடுகளில் இந்த இடத்தில்தான் குழம்புகிறார்கள். அதன்பின் வெளியுறவு அமைச்சகம். ஓமன், பஹ்ரைன், சவுதிக்கு அந்த அமைச்சகம் தரும் அப்போஸ்டில் என்கிற முத்திரை போதும். அமீரகம், கத்தார், குவைத்துக்கு அந்தந்தத் தூதரக முத்திரையும் வேண்டும். ஏழாம் மாசச் சடங்கு முடிந்து வந்து கேட்டால் எங்களால் ஓட முடியாது, கர்ப்பம் உறுதியானதுமே வாருங்கள்.

கணவரிடம் ஒன்று கேட்கச் சொல்லுங்கள்: இன்சூரன்ஸில் பேறுகாலச் செலவு உண்டா, அதற்குக் காத்திருப்புக் காலம் எத்தனை மாதம்? விசிட் விசாவோடு வரும் சாதாரண இன்சூரன்ஸை நம்பிப் போக வேண்டாம்.

அமீரகத்தில் பிறந்த பிள்ளைக்கு 120 நாளுக்குள் குடியிருப்பு விசா எடுக்க வேண்டும், தாண்டினால் அபராதம். எந்த நாட்டில் பிறந்தாலும், இந்தியக் குடியுரிமை வேண்டுமென்றால் ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்துவிடுங்கள்.

பல விமான நிறுவனங்கள் 28 வாரம் தாண்டினால் மருத்துவர் சான்று கேட்கும். 36 வாரத்துக்கு மேல் பொதுவாக ஏற்றுவதில்லை, இரட்டைப் பிள்ளை என்றால் இன்னும் முன்னதாகவே நிறுத்திவிடுவார்கள். அதனால் திருவனந்தபுரத்திலிருந்து டிக்கெட் போடும்போதே எத்தனை வாரம் என்று எங்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் மகளுக்குத் துணையாகப் போகும் அம்மாமார்களுக்கு இவ்வளவு பாடு இல்லை. "மகளுக்குப் பேறுகாலம், பார்க்கப் போகிறேன்" என்று நேர்காணலில் உள்ளதைச் சொல்லலாம். மகளின் விசா நகல், மருத்துவர் குறித்த தேதி, இங்கே திரும்பி வருவதற்கான வீடு, நிலம், ஓய்வூதியக் காகிதங்கள் இவற்றோடு வாருங்கள். ஞாயிறு கடை இல்லை.

இப்படிக்கு,
உங்கள் டிராவல்ஸ்,
களியக்காவிளை