மணி பிடிக்காத கோதுமை

பாலக்கோடு

அன்புள்ள கண்ணு,

போனில் உன் குரல் சரியில்லை. ஆராய்ச்சிக்காகக் கோதுமையையும் அதன் உறவுத் தானியமான ரையையும் கலந்து எடுத்த செடிகள் செழிப்பாக நிற்கின்றன, கதிரில்தான் மணியே பிடிக்கவில்லை, என் கை ராசியில்லை போல என்றாய். அப்பா உன்னைச் சமாதானப்படுத்தப் பார்த்தார். எனக்கு வெறும் சமாதானத்தில் திருப்தியில்லை. பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தாவரவியல் நடத்திய காலத்தில் டிரிட்டிக்கேல் என்ற இந்தக் கோதுமை-ரை கலப்புப் பயிர் எனக்குப் பிடித்த பாடம், அதனால் எழுதுகிறேன்.

உன் கை தவறியிருந்தால் அந்தச் செடியே முளைத்திருக்காது, இல்லையென்றால் தாயைப் போல வெறும் கோதுமையாக முளைத்திருக்கும். கதிருக்குச் சற்றுக் கீழே தண்டைத் தடவிப் பார். ரைக்கு உரிய நுண்ரோமம் அங்கே தட்டுப்பட்டால் அது அசல் கலப்பினம். ரையின் ஐந்தாவது குரோமோசோம் உள்ளே வந்திருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

மணி பிடிக்காததற்குக் காரணம் குரோமோசோம் கணக்கு. ரொட்டிக் கோதுமைக்கு 42, ரைக்கு 14. இதில் பாதி, அதில் பாதி என்று 21-ம் 7-ம் சேர்ந்து 28. இரட்டைப்படையாக இருக்கிறதே என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அந்த 28-ல் எதற்கும் சரியான ஜோடி கிடையாது. கோதுமையின் 21-ல் ஏ, பி, டி என மூன்று தொகுதிகள், தொகுதிக்கு ஏழு. அவை ஒன்றுக்கொன்று உறவுதான், இருந்தும் பிஎச்1 என்ற மரபணு அவற்றைச் சேரவிடாது. ரையின் ஏழும் தனியாக நிற்கின்றன. மகரந்தமும் முட்டையும் உருவாக எண்ணிக்கை பாதியாகும் குன்றல் பகுப்பின்போது எல்லாம் தாறுமாறாகப் பிரிய, மகரந்தம் பெரும்பாலும் செத்துப்போகிறது.

1875-ல் ஸ்காட்லாந்தில் வில்சன் கலந்தபோதும் செடி வந்தது, விதை வரவில்லை. 1888-ல் ஜெர்மனியில் ரிம்பாவ் எடுத்த கலப்பினத்தில்தான் கொஞ்சம் மணிகள் பிடித்தன, அந்த வழியில் வந்த செடிகளுக்கு 56 குரோமோசோம். 28-ம் குறையாமல் அப்படியே தங்கிய மகரந்தமும் அதே போன்ற முட்டையும் சேர்ந்தால் 56 வரும். அரிதுதான், ஆனாலும் நடக்கும். அதனால் மலட்டுச் செடி என்று பிடுங்கிப் போட்டுவிடாதே. ஒவ்வொரு கதிரையும், பக்கத் தூர்க் கதிர்களையும் உதிர்த்துப் பார்த்துவிடு.

அடுத்து கால்ச்சிசின் வைக்கப் போகிறேன் என்றாய். 1937-க்குப் பிறகு இந்தத் துறையே அதனால்தான் மாறியது. பிரிந்த குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்கும் கதிர்நார்கள் உருவாகாமல் அது தடுத்துவிடும், அப்போது ஒரே செல்லில் எண்ணிக்கை இரட்டிப்பாகும். ஆனால் கண்ணு, அது நம் ஊர் வேலியில் பூக்கும் செங்காந்தளின் விஷம். கண்வலிக்கிழங்கைத் தின்று செத்தவர்கள் கதை உனக்குத் தெரியும். செல்லைப் பிரியவிடாத மருந்து உன் உடம்பிலும் அதைத்தான் செய்யும். கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடவே தொடாதே. அந்த மேசையில் டீயும் வேண்டாம்.

56 வந்ததும் எல்லாம் முடிந்துவிடாது. கோதுமையும் ரையும் ஒரே செல்லுக்குள் உடனே ஒத்துப்போவதில்லை. சில செடிகளில் ஒன்றிரண்டு குரோமோசோம் குறையும், மணி சுருங்கும், கதிரில் இடைவெளி விழும். 28 குரோமோசோம் உள்ள டூரம் என்ற இன்னொரு கோதுமையை ரையோடு சேர்த்தால் 14-ம் 7-ம் சேர்ந்து 21, அதை இரட்டித்து எடுக்கும் 42 குரோமோசோம் வகைதான் நிலையானது. உலகில் இன்று பயிராகும் டிரிட்டிக்கேல் பெரும்பாலும் அதுதான். ரையின் குளிர் தாங்கும் குணமும் அமில மண்ணில் அலுமினியத்தைத் தாங்கும் குணமும் அதில் ஓரளவு இறங்கியிருக்கின்றன. உன் ஆராய்ச்சி கைடிடம் டூரத்தையும் ஒரு வரிசை போடலாமா என்று கேட்டுப் பார். எனக்கு அது நல்ல யோசனையாகப் படுகிறது.

நம் ராகியும் இப்படி வந்த பயிர்தான். 36 குரோமோசோம், இரண்டு வெவ்வேறு புற்களின் தொகுதிகள் இரட்டித்துச் சேர்ந்தவை. யாரும் மருந்து வைக்காமல் எப்போதோ தானாக நடந்தது. இன்றைக்கு நம் காட்டில் கதிர் நிறைய மணி பிடிக்கிறது.

குரோமோசோம் எண்ண வேர் நுனி ஸ்லைடு போட்டதும் போட்டோ அனுப்பு. நீ எண்ணியதைச் சொல்லாமல் அனுப்பு, நானும் எண்ணிப் பார்க்கிறேன்.

அன்புடன்,
அம்மா