ஓட்டோவும் நீலக் கொப்பியும்

பொகவந்தலாவை
ஞாயிற்றுக்கிழமை மாலை

அன்பின் கூட்டாளிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் கடிதம் வந்து நாலு நாளாகிறது. நான் வேலை செய்கிற தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், வேலைக்குப் போனவர்கள் விட்டுப்போன பிள்ளைகள் தூங்கிய நேரம் பார்த்து இரண்டு தடவை வாசித்துவிட்டேன். உன் வீட்டுக்காரருக்கு 55 வயது முடிந்து ஈ.பி.எஃப். என்கிற ஊழியர் சேமலாப நிதிக் காசு வரப்போகிறது என்று எழுதியிருந்தாய். அதை முற்பணமாகக் கட்டி, மீதியைத் தவணையில் கட்டும் லீசிங்கில் ஓட்டோ எடுக்கலாம் என்று உன் மகன் நிற்கிறானாம். என்ன சொல்கிறாய் என்று கேட்டாய். சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது.

மகன் கேட்பதில் தப்பில்லை. அப்புத்தளையில் ஸ்கூல் ஓட்டம் இருக்கிறது, லிப்டன் சீட் மலைமுனை பார்க்க வருகிறவர்கள் இருக்கிறார்கள். மலையேறித் தேயிலைக் கொழுந்து பறிக்க இந்தக் காலத்துப் பையன்கள் வரமாட்டார்கள், அதுவும் எனக்குத் தெரியும். என் பயம் அந்த ஈ.பி.எஃப். காசைப் பற்றித்தான். அவருடைய சம்பளத்தில் மாதாமாதம் வெட்டியதும் தோட்டம் போட்டதும் சேர்ந்து முப்பது வருடமாக வளர்ந்த காசு அது. ஒரே தடவை கைக்கு வரும், அதன் பிறகு மாதாமாதம் எதுவும் வராது. அதை முழுவதுமாக ஒரு வண்டியின் முன் சக்கரத்தில் வைத்துவிடாதே.

இன்னொன்று. 'லட்சத்துக்கு மாதம் 2000 ரூபாதான் வட்டி' என்று கம்பனிக்காரர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். அந்த 'தான்' எனக்குப் பிடிக்கவில்லை. கணக்கு சுலபமாக வரட்டும் என்று ஒரு லட்சத்தை ஒரு வருடத்துக்கு வைத்துப் பார். வாங்கிய காசுக்கு 8333, வட்டி 2000, ஆக மாதம் 10,333 ரூபா. முதல் மாதம் சரி, உன் கையில் முழு லட்சமும் இருக்கிறது. ஆறு தவணை கட்டிய பிறகு நீ வைத்திருப்பது 50,000 மட்டும், ஆனால் வட்டி அதே 2000. கடைசி மாதம் மீதி 8333 ரூபாவுக்கும் அதே 2000. அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் நூற்றுக்கு 24 வட்டி! என் மகள் போனில் போட்டுப் பார்த்தாள். வருடத்துக்கு 24 வீதம் என்று காதில் விழுவது, உண்மையில் 41 வீதத்துக்கு மேல் வருகிறது. அதனால் 'குறைகிற மீதிக்கு வட்டி என்ன?' என்று கேட்கச் சொல். அதை எழுத்தில் வாங்கச் சொல். இடையில் மொத்தமாகக் கட்டி முடித்தால் எவ்வளவு கழிப்பார்கள் என்பதையும் இப்போதே கேட்கவேண்டும். கடைசித் தவணை கட்டும்வரை வண்டிப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்று கம்பனியின் பெயர்தான் இருக்கும். தவணை பிந்தினால் வண்டியைத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று நினைப்பாய். உனக்கு நான் எழுதாத ஒரு கதை இருக்கிறது. 2017 இல் இவருக்கு ஒப்பரேசன் செய்தபோது ஐந்து பெண்கள் சேர்ந்து குழுக் கடன் எடுத்தோம், ஆளுக்கு 40,000. கிழமைக்கு ஆயிரம், 52 கிழமை. ஒருவருக்கு ஒருவர் கையெழுத்து வைத்தோம். நாலாம் மாதம் எங்களில் ஒருத்தி கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டாள், அவளுடைய ஆயிரமும் எங்கள் தலையில் விழுந்தது. செவ்வாய்க்கிழமை காசு எடுக்க வரும் பையன் காம்பரா வாசலில் வந்து உட்காருவான். சத்தம் போடமாட்டான். பிள்ளைகளுக்கு நான் கஞ்சி ஊட்டும்வரை பைலை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருப்பான். அந்த வெட்கத்துக்குப் பயந்து இன்னொரு கம்பனியில் எடுத்து இதைக் கட்டினேன். அதைக் கட்ட, மாதம் நூற்றுக்குப் பத்து வட்டிக்கு ஒருவரிடம் வாங்கினேன். 2018 இல் அரசாங்கம் வரட்சியில் அடிபட்ட மாவட்டப் பெண்களின் சிறு கடன்களைத் தள்ளியபோது எங்களுக்கும் வரும் என்று காத்திருந்தோம். வரவில்லை.

அம்மாவின் தோடு உனக்கு ஞாபகம் இருக்கும், சிவப்புக்கல் வைத்தது, பள்ளிக்கூட விழாவுக்கு ஒரு தடவை நீயும் போட்டாய். அதை பேங்கில் அடகு வைத்து, மீட்டுவிடுவேன் மீட்டுவிடுவேன் என்று வருடாவருடம் வட்டி கட்டித் திருப்பி வைத்தேன். மூன்று வருடம். ஒரு நாள் நீலக் கொப்பியில் கணக்கைக் கூட்டிப் பார்த்தால், கட்டிய வட்டிக்கே பாதித் தோடு வாங்கியிருக்கலாம். அடுத்த கிழமையே மீட்டு விற்று, அந்தப் பத்து வட்டிக் கடனை முடித்தேன். அன்றிரவு அழுதேன். ஆனால் தூங்கினேன். மற்றதை சீட்டு போட்டு அடைத்தேன், கடைசிச் சீட்டை எனக்கென்று கேட்டு வாங்கிக்கொண்டேன். முதலில் எடுத்தால் கையில் தங்காது என்று என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகும் ஒரு கடன் எடுத்தேன், பசு மாடு வாங்க. பால் காசிலேயே தவணை போனது, சம்பளத்தைத் தொடவில்லை. மகனிடம் இதைத்தான் நீ கேட்கவேண்டும்: ஓட்டோ தன் தவணையைத் தானே கட்டுமா? நல்ல மாதத்தை வைத்துச் சொல்லவிடாதே. எங்கள் பக்கம் தை, மாசியில் கொழுந்து குறைந்து பேர் விழாது, அதாவது முழு நாள் சம்பளம் கிடைக்காது. உங்கள் ஊவாப் பக்கம் ஆடி, ஆவணிக் காற்றுக்கு அப்படி. 2024 இல் நாள் சம்பளம் 1350 ஆனபோதும் அந்த மாதங்களில் கைக்கு வந்தது கொஞ்சம்தான். கொழுந்து இல்லாவிட்டால் லயத்துச் சனம் ஓட்டோவில் ஏறாது, நடந்துதான் போகும். அந்த மாதத்தில் பெட்ரோல், டயர், இன்சூரன்ஸ் போக என்ன மிஞ்சும் என்று எழுதச் சொல். தவணை அதற்குள் அடங்கவேண்டும்.

பிணைக்கு யாரையும் கேட்கும் முன் இதையும் சொல். பிணைக் கையெழுத்து வைத்தவரின் பெயரும், யார் யாருக்கு என்ன கடன் என்று பேங்குகள் பார்க்கிற க்ரிப் அறிக்கையில் ஏறும். நாளைக்கு அவர் வீடு கட்ட பேங்குக்குப் போனால் அது முன்னால் வந்து நிற்கும்.

ஈ.பி.எஃப். காசில் கால்வாசிக்கு மேல் வண்டிக்குப் போகவேண்டாம் என்பது என் எண்ணம். மற்றதை அவர் பெயரிலேயே நிலையான வைப்பில் போடு. அவருக்கு முழங்கால் வலி வேறு என்கிறாய்.

பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா? கையெழுத்து வைக்காமல் அந்த லீசிங் கடதாசியை அப்படியே எடுத்துக்கொண்டு வா. மகனையும் கூட்டி வா, அவனுக்குப் பிடித்த பால் ரொட்டி சுட்டு வைக்கிறேன். சாப்பிட்டுவிட்டு மூன்று பேரும் உட்கார்ந்து கொப்பியில் போட்டுப் பார்ப்போம்.

அன்புடன்,
உன் பழைய பள்ளிக்கூட வாங்குத் தோழி