கயலுக்கு அப்பா எழுதுவது

தென்காசி

அன்புள்ள கயலுக்கு,

"ஆராய்ச்சிக்கு இடம் கிடைச்சிருக்குப்பா, ஆனா போகலை, வேலையிலேயே இருந்துடறேன்" என்று நேற்று போனில் சொன்னாய். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ராத்திரி தூக்கமும் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

தப்பு என் மேல்தான் தாயி. எம்.எஸ்சி. முடித்ததும் கணிதத்தில் பிஎச்.டி. என்று நீ ஆரம்பித்தாய். நான் பேங்க் பரீட்சை எழுது என்றேன். ஆராய்ச்சிதான் ஆசை என்றால் எம்.காம். படித்துவிட்டு வங்கிக் கணக்கியலில் செய், 90 நாளைக்கு மேல் தவணை வராத வாராக்கடனைப் பற்றி எழுது, நாலு பேருக்குப் புரியும் என்றேன். நீ எதிர்த்துப் பேசவில்லை. சென்னைக்குப் போய் ஈவென்ட் மேனேஜ்மென்ட் கம்பெனியில் சேர்ந்துவிட்டாய்.

அந்த வேலையை நான் குறைவாக நினைக்கவில்லை. மாமல்லபுரத்துக் கல்யாணத்தில் நேரிலேயே பார்த்தேன். ஜெனரேட்டர் வண்டி வரவில்லை, மேடைக்காரரும் சமையல்காரரும் கத்துகிறார்கள், நீ கையிலிருந்த அட்டையில் எது முன்னால், எது பின்னால் என்று அடித்து அடித்து மாற்றி எழுதிக்கொண்டிருந்தாய். முகூர்த்தம் தப்பவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் நீ கணக்குப் போடும்போது உன் முகத்தில் வருகிற ஒரு களை அன்றைக்கு வரவில்லை.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் எங்கள் பேங்கில் பேலன்சிங் எப்படி நடக்கும் என்று சொல்லியிருக்கிறேன். சேமிப்புக் கணக்கு லெட்ஜர்களின் கூட்டுத்தொகை ஜெனரல் லெட்ஜரோடு டேலி ஆக வேண்டும். ஒரு முறை 270 ரூபாய் உதைத்தது. மூன்று நாள் தேடினோம். சீனியர் ஒருவர் வந்து, "90ஆல் வகுபடுது பாரு, ஈவு 3. நூறிலும் பத்திலும் 3 வித்தியாசம் உள்ள இலக்கத்தைத் தேடு" என்றார். 5,742 என்பதை 5,472 என்று யாரோ ஏற்றியிருந்தார்கள். அது ஏன் அப்படி என்று நான் யோசித்ததே இல்லை. நீ ஒன்பதாவது படிக்கும்போது அ, ஆ என்று இரண்டு எழுத்தை வைத்து இரண்டே வரியில் காட்டினாய்.

போன பொங்கலுக்கு ஆதார் அட்டையை வைத்துக்கொண்டு நீ சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. கடைசி இலக்கம் சும்மா இல்லை, முன்னால் உள்ள பதினொன்றையும் சரிபார்க்க வந்தது. வெர்ஹோஃப் என்பவர் 1969இல் கண்ட முறை என்றாய். காலண்டர் தாளில் ஐங்கோணம் வெட்டி, ஒவ்வொரு இலக்கமும் அதைச் சுழற்றுகிற அல்லது புரட்டுகிற ஒரு விதம் என்று காட்டினாய். சுழற்றிவிட்டுப் புரட்டினால் ஒன்று, புரட்டிவிட்டுச் சுழற்றினால் வேறொன்று. வரிசை மாறினால் விடை மாறுவதால்தான் பக்கத்துப் பக்கத்து இலக்கம் இடம் மாறினால் அது பிடித்துவிடும் என்றாய். நாங்கள் மூன்று நாள் தேடிய தப்பு அது! ஐங்கோணத்தைப் புரட்டிப் பார்த்தவர்கள் ஆதாருக்காகவா பார்த்தார்கள்? அந்தத் தாளை என் டைரிக்குள்தான் வைத்திருக்கிறேன்.

நம்ம ஊர் பக்கத்து வல்லத்தில் பிறந்த எஸ்.எஸ்.பிள்ளையைப் பற்றியும் நீதான் சொன்னாய். சின்ன வயதிலேயே தகப்பனை இழந்து, ஒரு வாத்தியார் கைகொடுத்துப் படித்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபடியே வேரிங் கணக்கில், அதாவது எந்த முழு எண்ணையும் எத்தனை வர்க்கங்களின், கனங்களின், அதற்கு மேற்பட்ட அடுக்குகளின் கூட்டாக எழுதலாம் என்கிற கேள்வியில், உலகம் திரும்பிப் பார்க்கிற வேலை செய்தார். 1950இல் அமெரிக்கா போகும் வழியில் கெய்ரோ பக்கம் விமானம் விழுந்து இறந்துபோனார். வல்லம் வழியாகப் போகும்போதெல்லாம் இப்போது அவர் நினைப்பு வருகிறது. எத்தனையோ வருஷம் அந்த வழியாகப் போயிருக்கிறேன், அவர் பெயரே தெரியாமல்.

நீ போகாததற்குக் காரணம் பணம்தான் என்று எனக்குத் தெரியும். சொல்கிறேன் கேள். வீட்டுக் கடன் போன மாதத்தோடு முடிந்தது. நீ அனுப்பிய பணத்தில் ஆறு மாதமாக நான் ஒரு பைசா எடுக்கவில்லை, உன் பெயரிலேயே டெபாசிட்டில் கிடக்கிறது. ஆராய்ச்சி மாணவர்களுக்கான ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை மாதம் 37,000 வரும், இரண்டு வருஷம் கழித்து 42,000. அதற்கு மேல் வேண்டுமென்றால் என் பென்ஷன் இருக்கிறது. அஞ்சு வருஷமோ ஆறு வருஷமோ ஆகட்டும். கல்யாணப் பேச்சை யாரும் எடுக்க மாட்டோம், அம்மாவிடமும் பேசிவிட்டேன்.

சேருகிற தேதிக்கு முந்தின நாள் ராத்திரி பொதிகையில் எனக்கும் அம்மாவுக்கும் டிக்கெட் போட்டிருக்கிறேன். எழும்பூருக்கு நீ வர வேண்டாம், நாங்களே ஆட்டோ பிடித்து ரூமுக்கு வந்துவிடுவோம். ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் பீரோவில்தான் இருக்கிறது, எடுத்து வருகிறேன்.

அன்புடன்,
அப்பா